தராசில் ஏறும் பிள்ளைகள்

“என்னம்மா, பிள்ளை இப்படி இளைச்சுப் போயிட்டானே! ஒழுங்கா சாப்பாடு போடுறியா இல்லையா?”

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வீட்டுக்கு வரும் பாட்டி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கும் கேள்வி இது. சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் இதைக் கேட்காத தாய்மார்கள் குறைவு. ஆனால் அதே பையனின் சுகாதாரக் கையேட்டைப் புரட்டினால், பள்ளிக்கு வந்த தாதி வேறொன்றை எழுதி வைத்திருப்பார்: வயதுக்கும் உயரத்துக்கும் எடை அதிகம்.

பாட்டி சொல்வது சரியா, தாதி எழுதியது சரியா? எண்கள் தாதியின் பக்கம் இருக்கின்றன. சிங்கப்பூரின் பொதுப் பள்ளிகளில் எடை மிகுந்த மாணவர்களின் விகிதம் 2013ல் 11 விழுக்காடு. 2017ல் 13 விழுக்காடு. 2021ல் அது 16 விழுக்காட்டுக்கு ஏறியது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பறையில் ஆறேழு பேர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் பாட்டியைக் குறை சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. அவர் அப்படிக் கேட்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பிள்ளைகளைத் தராசில் ஏற்றிப் பார்த்துக் கவலைப்படுவது இந்தத் தீவுக்குப் பழைய பழக்கம். முன்பு முள் மேலே ஏறவில்லையே என்று கவலைப்பட்டார்கள். இன்று அது இறங்கவில்லையே என்று கவலைப்படுகிறார்கள். இந்த இரண்டு கவலைகளுக்கும் நடுவே இருப்பது வெறும் இரண்டு தலைமுறைதான்.

டின்பாலும் மரவள்ளிக்கிழங்கும்

ஜமைக்காவில் பிறந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1936ல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். அதற்கு முன் அவர் ஆப்பிரிக்காவில், இன்று கானா என்று அழைக்கப்படும் நாட்டில் பணிபுரிந்தவர். புரதச்சத்துக் குறைவால் பிள்ளைகளின் வயிறும் கால்களும் வீங்கும் ‘குவாஷியோர்கர்’ நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான்.

சிங்கப்பூரில் அவர் கண்டது வேறொரு கொடுமை. சீனி சேர்த்த டின்பாலைத் தாய்ப்பாலுக்கு நிகரானது என்று ஏழைத் தாய்மார்களிடம் விற்றுக்கொண்டிருந்தார்கள். தாதியரைப் போல உடை உடுத்திய விற்பனைப் பெண்கள் வீடு தேடிச் சென்று அதைப் பரிந்துரைத்தார்கள். அந்த டின்பாலில் இருந்தது பெரும்பாலும் சீனி. குழந்தைக்கு வேண்டிய சத்துகள் போதிய அளவில் இல்லை. காசு மிச்சம் பிடிக்க அதையும் தண்ணீர் ஊற்றி நீர்க்கக் கரைத்துக் கொடுத்தார்கள். அந்தத் தண்ணீரும் சுத்தமில்லை. பிள்ளைகள் மடிந்தன.

1939ல் சிங்கப்பூர் ரோட்டரி மன்றத்தில் பேச அழைக்கப்பட்டபோது, வில்லியம்ஸ் தம் உரைக்கு வைத்த தலைப்பு ‘பாலும் கொலையும்’. குழந்தை உணவைப் பற்றிய தவறான பிரசாரம் கொலைக்குச் சமம் என்று, வணிகப் பெருமக்கள் அமர்ந்திருந்த கூட்டத்திலேயே சொன்னார். ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. அன்றைய காலனித்துவ ஊரில், அதுவும் ஒரு பெண் மருத்துவர், அப்படிப் பேசுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்!

மூன்றாண்டுகளில் போர் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. வில்லியம்ஸ் சாங்கியில் சிறைப்பட்டார். சிறைக்கு வெளியே இருந்தவர்களும் பட்டினிதான் கிடந்தார்கள். அரிசி பங்கீட்டுக்குப் போனது. பங்கீட்டு அரிசியும் குறைந்துகொண்டே வந்தது. மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மூன்று வேளை உணவாயின. அந்தக் காலத்தைக் கண்ட முதியவர்கள் சிலர், பிறகு எத்தனை வசதி வந்தபோதும் மரவள்ளிக்கிழங்கைத் தொட மறுத்த கதை பல வீடுகளில் உண்டு.

போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பியதும் 1946ல் சமூகநலத் துறை அமைக்கப்பட்டது. அதன் முதல் வேலைகளில் ஒன்று சோறு போடுவது. மலிவு விலையில் சாப்பாடு தரும் மக்கள் உணவகங்கள் திறக்கப்பட்டன. 1947ல் சிறு பிள்ளைகளுக்கு இலவசமாக உணவூட்டும் நிலையங்கள் வந்தன. ஹேவ்லாக் ரோட்டில் இருந்த நிலையத்தில் தொண்டாற்றிய கான்ஸ்டன்ஸ் கோ, பசியோடு வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்து மனம் வருந்தினார். 1949ல் சிங்கப்பூர்க் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவாக முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். தமிழ்நாட்டில் காமராசரின் மதிய உணவுத் திட்டம் வந்தது 1956ல். கடலுக்கு இரு பக்கமும் அன்று கேள்வி ஒன்றுதான்: பிள்ளையின் வயிறு நிறைந்ததா?

தேக்காவுக்குப் பக்கத்திலேயே இந்த வரலாற்றின் இன்னொரு சாட்சி நிற்கிறது. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்கள் எல்லாம் அந்த வட்டாரத்தில் மாடு வளர்த்த, மாட்டு வியாபாரம் செய்த காலத்தின் மிச்சம். அந்தப் பெயரையே தாங்கிய கண்டாங் கெர்பாவ் மகப்பேற்று மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. அது அந்நாளில் உலக சாதனை. இன்று ஐம்பது, அறுபது வயதில் இருக்கும் சிங்கப்பூரர்களில் பெரும்பாலோர் முதல் மூச்சு விட்டது அங்கேதான்.

அந்தக் குழந்தைகள் பள்ளிக்குப் போன 1970களிலும் அரசாங்கத்தின் கவலை மெலிந்த பிள்ளைகளைப் பற்றியதாகவே இருந்தது. தொடக்கப்பள்ளிகளில் பால் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் குவளையும் பல்தூரிகையுமாகக் கால்வாய் ஓரத்தில் வரிசையாகக் குந்திப் பல் துலக்க வைத்தார்கள். கொழுகொழு என்று இருந்த பிள்ளை நோயற்ற பிள்ளை. அந்தப் பிள்ளையின் தாய் கெட்டிக்காரத் தாய். பாட்டியின் கேள்வி அங்கிருந்து வருகிறது.

திடலிலிருந்து பதினோராம் மாடிக்கு

இந்தக் கணக்கு எப்போது தலைகீழானது? ஒரே நாளில் நடந்ததல்ல. ஆனால் சில தேதிகளைக் குறிக்கலாம்.

1977ல் சாமர்செட் ரோட்டில் கேஎஃப்சியின் முதல் கடை. 1979ல் ஆர்ச்சர்ட் ரோடு லியாட் டவர்ஸில் மெக்டோனல்ட்ஸ். திறந்த அன்று கூட்டம் அலைமோதியது. அது அந்தக் காலத்தில் வசதியின் அடையாளம். தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தால் பர்கர் என்பது பல வீடுகளில் எழுதாத ஒப்பந்தம். இன்றும் சில வீடுகளில் அது நடப்பில் இருக்கிறது.

பர்கர் மேல் மட்டும் பழி போடுவது எளிது. அதைவிடப் பெரிய மாற்றம் வீட்டில் நடந்தது. சிராங்கூன் ரோடு, ரேஸ் கோர்ஸ் ரோடு வட்டாரக் கடைவீடுகளிலும் கம்பத்து வீடுகளிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு வாசலே விளையாட்டு மைதானம். 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்த ஃபேரர் பார்க் திடல், அதன்பின் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பந்து விளையாடும் இடமானது. பிறகு குடும்பங்கள் வீவக அடுக்குமாடி வீடுகளுக்கு மாறின. 1980களின் நடுப்பகுதியில் சிங்கப்பூரில் ஐவரில் நால்வர் வீவக வீடுகளில் வசித்தனர். குழாய்த் தண்ணீர், மின்சாரம், சுத்தமான கழிப்பறை எல்லாம் கிடைத்தன. எந்தத் தாயும் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டார். ஆனால் பதினோராம் மாடியில் இருக்கும் பிள்ளையை ‘போய் விளையாடு’ என்று கதவைத் திறந்துவிட முடியாது. கீழ்த்தளத்தில் பந்து விளையாடக்கூடாது என்று பலகை வேறு தொங்கியது.

சாப்பாடும் வீட்டைவிட்டு வெளியேறியது. தாய், தகப்பன் இருவரும் வேலைக்குப் போனார்கள். தெருவோரக் கடைகள் 1970களிலும் 80களிலும் படிப்படியாக உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டன. 1982ல் திறக்கப்பட்ட இன்றைய தேக்கா நிலையமும் அந்த வரிசையில் வந்தது. வீட்டுக்குக் கீழே இறங்கினால் காலை முதல் இரவு வரை சூடான உணவு, அதுவும் கட்டுப்படியாகும் விலையில். உலகில் பல நகரங்கள் பொறாமைப்படக்கூடிய ஏற்பாடு அது. ஆனால் புரோட்டாவுக்கு எவ்வளவு நெய், மீ கோரெங்கில் எவ்வளவு எண்ணெய் என்று தாய்க்குத் தெரியாமல் போனதும் அப்போதுதான்.

மூன்றாவதாகத் துணைப்பாட வகுப்பு. பள்ளி முடிந்து வரும் பிள்ளை பையை மாற்றிக்கொண்டு மறுபடி கிளம்பியது. 2023ல் சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவிட்ட தொகை 1.8 பில்லியன் வெள்ளி. அவ்வளவு பணமும் பிள்ளையை நாற்காலியில் உட்கார வைப்பதற்கான பணம் என்று சொன்னால் பெற்றோர்களுக்குக் கோபம் வரலாம். ஆனால் அது உண்மைதானே?

திருப்பிப் படித்தால்...

1980களில் குண்டான பிள்ளைகள் கண்ணில் படத் தொடங்கினர். அரசாங்கத்தின் கண்ணிலும் பட்டனர். 1967ல் தேசிய சேவை கட்டாயமாக்கப்பட்ட நாடு இது. எடை கூடிய இளையர் படைக்கு வந்தால் அவர்களுக்கு அடிப்படைப் பயிற்சியை நீட்டிக்க வேண்டியிருந்தது. ஆகவே பிள்ளையின் எடை வீட்டு விவகாரமாக மட்டும் இருக்கவில்லை. பள்ளிகளில் நாப்ஃபா எனும் உடலுறுதித் தேர்வு 1982ல் வந்தது.

பத்தாண்டு கழித்து, 1992ல், பிரதமர் கோ சோக் தோங் தலைமையில் தேசிய சுகாதார வாழ்க்கைமுறைத் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டு பாடாங் திடலில் பிரதமரும் ஆயிரக்கணக்கான மக்களும் ஒன்றாகக் கையைக் காலை ஆட்டி உடற்பயிற்சி செய்த காட்சி நடுத்தர வயதினருக்கு நினைவிருக்கும். அந்த இசை கேட்டால் சிலருக்கு இன்றும் தோள்பட்டை தானாக அசையும்!

பெரியவர்களுக்கு அது ஒரு திருவிழா. பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்தது வேறு. அதே 1992ல் கல்வி அமைச்சு ‘டிரிம் அண்ட் ஃபிட்’ திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கப்பள்ளி முதல் தொடக்கக்கல்லூரி வரை எல்லா மாணவர்களின் உயரமும் எடையும் அளக்கப்பட்டன. உயரத்துக்கு ஏற்ற எடையைத் தாண்டியவர்கள் தனியாகப் பிரிக்கப்பட்டு அந்தக் குழுவில் சேர்க்கப்பட்டனர். பள்ளி தொடங்கும் முன்போ, இடைவேளையிலோ, பள்ளி முடிந்த பிறகோ அவர்கள் ஓட வேண்டும், கயிறு தாண்ட வேண்டும். எடை குறைந்தால் விடுதலை. பள்ளிகளுக்கும் அதற்கென விருதுகள் இருந்தன. எனவே தலைமையாசிரியருக்கும் அது மானப் பிரச்சினை. சில பள்ளிகளில் குண்டுப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டிச்சாலையில் தனி மேசை. சில பள்ளிகளில் எவ்வளவு கலோரி உண்ணலாம் என்று குறிக்கப்பட்ட கூப்பன்.

திட்டத்தின் பெயரை ஆங்கில முதலெழுத்துகளில் சுருக்கினால் ‘டாஃப்’. அதை வலமிருந்து இடமாகப் படித்தால் ‘ஃபேட்’. குண்டு! பெயர் வைத்தவர்கள் இதைக் கவனித்தார்களோ இல்லையோ, பள்ளிப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கவனித்திருப்பார்கள். ‘டாஃப் கிளப்’ என்பது ஒரு பட்டப்பெயராகிவிட்டது.

ஒரு பத்து வயதுப் பிள்ளையின் இடத்திலிருந்து சற்று நினைத்துப் பாருங்கள். இடைவேளை மணி அடிக்கிறது. நண்பர்கள் எல்லாரும் மீ வாங்க வரிசைக்கு ஓடுகிறார்கள். அவன் மட்டும் காலணி நாடாவை இறுக்கிக்கொண்டு திடலுக்குப் போகிறான். பள்ளியே சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்து அவன் ஓடுவதைப் பார்க்கிறது. அவன் உண்ணும் உணவை அவன் சமைக்கவில்லை. அவன் வீட்டைப் பதினோராம் மாடியில் அவன் கட்டவில்லை. வாரத்துக்கு நான்கு துணைப்பாட வகுப்புகளையும் அவன் கேட்கவில்லை. ஆனால் ஓடுவது அவன் மட்டும்தான்.

அதே பள்ளியின் விளையாட்டுப் போட்டி நாளில் பச்சை நிற மைலோ வேன் வந்து நிற்கும். குளிர்ந்த, இனிப்பான மைலோவுக்கு எல்லாரும் வரிசை பிடிப்பார்கள். அந்த வரிசையில் யாரையும் தனியாகப் பிரித்ததாகத் தெரியவில்லை.

இரண்டு விழுக்காட்டின் விலை

சரி, திட்டம் பலன் தந்ததா? தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 2002ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் சிங்கப்பூர் மருத்துவர்கள் கணக்கை வெளியிட்டனர். 1992க்கும் 2000க்கும் இடையே 11, 12 வயதினரில் உடற்பருமன் கொண்டோர் விகிதம் 16.6லிருந்து 14.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. 15, 16 வயதினரில் 15.5லிருந்து 13.1க்கு. உடலுறுதித் தேர்வில் தேறியவர்களின் விகிதமோ 57.8லிருந்து 80.8 விழுக்காட்டுக்கு ஏறியது.

எட்டாண்டு ஓட்டத்துக்கு இரண்டு விழுக்காடுதானா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதே ஆண்டுகளில் உலகின் மற்ற நாடுகளில் அந்தக் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 5 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் எடை மிகுந்தவர்கள் 1990ல் 8 விழுக்காடு. 2022ல் 20 விழுக்காடு. எல்லா இடத்திலும் ஏறும்போது ஓரிடத்தில் இறங்கியது என்றால் அது சிறிய சாதனை அல்ல. வெளிநாட்டு வல்லுநர்கள் சிங்கப்பூரைத் திரும்பிப் பார்த்தது அதனால்தான்.

ஆனால் இறங்காத கணக்கு ஒன்று இருந்தது. கேலிக்கு ஆளான பிள்ளைகள், எடை பார்க்கும் நாளுக்கு முன் பட்டினி கிடந்த பிள்ளைகள், உண்ணவே அஞ்சும் மனநோய்க்குப் போன பிள்ளைகள் ஆகியோரைப் பற்றி மருத்துவர்களும் பெற்றோர்களும் பேசத் தொடங்கினர். அந்தப் பிள்ளைகள் எல்லாரும் இத்திட்டத்தால்தான் அப்படி ஆனார்கள் என்று சொல்வதற்கில்லை. மெலிந்த உடல்தான் அழகு என்று விளம்பரங்களும் அதே நேரத்தில் ஓதிக்கொண்டிருந்தன. ஆயினும் ஒரு பிள்ளையின் உடம்பைப் பள்ளியே ஊரறியச் சுட்டிக்காட்டலாமா என்ற கேள்வி வலுத்தது.

2007ல் கல்வி அமைச்சு அத்திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பதிலாக எல்லா மாணவர்களின் உடல்நலம், மனநலம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முழுமையான சுகாதாரக் கட்டமைப்பு ஒன்று வந்தது. தனி வரிசை போனது. 2011ல் பள்ளிகளில் ஆரோக்கிய உணவுத் திட்டம் தொடங்கியது. சிற்றுண்டிச்சாலையில் காய்கறி, பழம், தவிடு நீக்காத தானியம் எல்லாம் தட்டில் ஏறின. பொரித்த பண்டங்களும் இனிப்புப் பானங்களும் குறைந்தன. பிள்ளையைத் திருத்துவதை விட்டுவிட்டுச் சிற்றுண்டிச்சாலையைத் திருத்தத் தொடங்கினார்கள் எனலாம்.

அதன் பிறகுதான் தொடக்கத்தில் சொன்ன 11, 13, 16 விழுக்காடு என்ற படிகள் வந்தன. ‘பார்த்தீர்களா, கண்டிப்பை விட்டதும் பிள்ளைகள் குண்டாகிவிட்டார்கள்’ என்று பழைய திட்டத்தின் ஆதரவாளர்கள் சொல்லக்கூடும். அவர்கள் வாதத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. ஆனால் அதே ஆண்டுகளில்தான் கைத்தொலைபேசி பிள்ளைகளின் கைக்கு வந்தது. பள்ளி வாசலைத் தாண்டினால் முத்துத் தேநீர்க் கடை. விரல் நுனியில் உணவு விநியோகச் செயலி. 2020ல் கொவிட் முறியடிப்புக் காலத்தில் பிள்ளைகள் வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருந்தனர். 2021ன் எண்ணிக்கையில் அதற்கும் பங்கு இருக்கவே செய்யும். பள்ளிச் சிற்றுண்டிச்சாலை ஒரு வேளை உணவைத்தான் தருகிறது. மற்ற வேளைகள் வீட்டிலும் வெளியிலும் நடக்கின்றன.

ஒல்லியான கொழுப்பு

தமிழ்க் குடும்பங்கள் இந்தக் கதையில் தனியாகக் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அதைப் பொதுவாக யாரும் மேடையில் பேசுவதில்லை.

2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களிடையே உடற்பருமன் மலாய்க்காரர்களில் 24 விழுக்காடு, இந்தியர்களில் 16.9 விழுக்காடு, சீனர்களில் 7.9 விழுக்காடு. நீரிழிவில் இந்தியர்களே முதலிடம்: 17.2 விழுக்காடு. இந்தியர்களில் ஆறு பேரில் ஒருவர். சிராங்கூன் ரோட்டில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களை எண்ணிப் பார்த்தால் இந்தக் கணக்கின் கனம் புரியும்.

இதற்கு நெய்யும் சீனியும் மட்டும் காரணமில்லை. ஒரே உயரம், ஒரே எடை கொண்ட ஐரோப்பியரையும் ஆசியரையும் ஒப்பிட்டால் ஆசியரின் உடலில் கொழுப்பு அதிகம். 2002ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் கூடி இதை ஆராய்ந்தது சிங்கப்பூரில்தான். உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே ஆசியர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற கருத்து 2004ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே சிங்கப்பூர் தன் அளவுகோலை மாற்றிக்கொண்டது.

2009ல் கேகே மாதர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 1,200க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்து ‘கஸ்டோ’ எனும் நீண்டகால ஆய்வு தொடங்கியது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி, அந்தப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடரும் ஆய்வு அது. பிறந்த சில நாளில் எடுத்த படங்களே ஒரு செய்தியைச் சொல்லின. இந்திய, மலாய்க் குழந்தைகளின் வயிற்றுப் பகுதியில் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு சீனக் குழந்தைகளைவிடக் கூடுதலாக இருந்தது. புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் இந்தியக் குழந்தைகளைப் பற்றிச் சொல்லிவந்ததும் இதுதான்: பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு.

அப்படியானால் ‘இளைச்சுப் போயிட்டானே’ என்ற பாட்டியின் கண் எங்கே ஏமாறுகிறது என்பது புரிகிறது. கை, கால் மெலிந்து தெரியும் பிள்ளைக்கு இன்னும் ஒரு கரண்டி நெய் ஊற்றப்படுகிறது. அந்த நெய் கைக்கும் போவதில்லை, காலுக்கும் போவதில்லை.

மருமகள்களுக்கு இது ஒரு பெரிய சங்கடம். பாட்டிதான் பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். அவர் ஊட்டுவதை எப்படித் தடுப்பது? தடுத்தால் ‘என் பேரனுக்கு ஒரு வாய் சோறு போட எனக்கு உரிமை இல்லையா’ என்று வரும். எந்த அமைச்சின் சுற்றறிக்கையும் அந்தச் சமையலறைக்குள் நுழைந்ததில்லை.

கடைக்காரருக்கும் மதிப்பெண்

2016ல் அன்றைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தார். மறு ஆண்டு ஏழு பெரிய குளிர்பான நிறுவனங்கள் 2020க்குள் தங்கள் பானங்களின் சீனி அளவை 12 விழுக்காட்டுக்குமேல் போகவிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டன. மெக்சிகோ 2014லும் பிரிட்டன் 2018லும் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டன. சிங்கப்பூர் வரி போடவில்லை. மதிப்பெண் போட்டது. பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் மதிப்பெண் போடும் ஊர் அல்லவா!

2022 டிசம்பர் 30 முதல் கடையில் விற்கும் பொட்டல, டின் பானங்களுக்கு ‘நியூட்ரி-கிரேட்’ முறை வந்தது. சீனி, கொழுப்பு அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை தரம். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்குமேல் சீனி இருந்தால் டி. சி, டி தரப் பானங்கள் அதை முகப்பில் போட்டுக்கொள்ள வேண்டும். டி தரப் பானத்துக்கு விளம்பரம் கூடாது. சட்டம் நடப்புக்கு வரும் முன்பே நிறுவனங்கள் சீனியைக் குறைக்கத் தொடங்கிவிட்டன. பொட்டல, டின் பானங்களின் இடைநிலைச் சீனி அளவு 2017ல் 7.1 விழுக்காடாக இருந்தது, 2023ல் 4.6 விழுக்காடானது. எந்தப் பிள்ளையும் இடைவேளையில் ஓடாமலேயே.

1992க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. அன்று தராசில் ஏறியது பிள்ளை. இப்போது பானமும் ஏற வேண்டியிருக்கிறது. முப்பது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. கொஞ்சம் சீக்கிரமே வந்திருக்கலாம் என்று அந்தக் காலத்து ‘டாஃப்’ பிள்ளைகள், இன்று தாங்களே பெற்றோராக இருப்பவர்கள், நினைத்தால் அதில் தவறில்லை.

2025 ஜனவரியில் ‘குரோ வெல் எஸ்ஜி’ என்ற புதிய திட்டம் தொடங்கியது. உணவு, உறக்கம், உடற்பயிற்சி, திரை பார்க்கும் நேரம் நான்கையும் அது ஒன்றாகப் பார்க்கிறது. பள்ளிச் சுகாதாரப் பரிசோதனையோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குத் தனி ஆலோசனை உண்டு. அந்த ஆலோசனைத் தாள் பிள்ளையின் பையில் வீட்டுக்கு வரும். பெற்றோர் அதைப் படிக்க வேண்டும்.

2023 டிசம்பர் 30 முதல் கடையில் அப்போதைக்கப்போது கலக்கும் பானங்களுக்கும் தரக்குறியீடு விரிவுபடுத்தப்பட்டது. முத்துத் தேநீருக்கும் காப்பிக்கும் எழுத்து வந்தது. ஆனால் சிறு வணிகங்களுக்கு விலக்கு உண்டு. நியாயமான விலக்குதான்; தனியாளாய் நிற்கும் தேநீர்க்கடைக்காரர் ஒவ்வொரு கிளாசையும் ஆய்வகத்துக்கு அனுப்ப முடியுமா?

ஆகவே தேக்காவின் சிறு கடைகளில் இன்னும் மேசையில் இரண்டு துளை போட்ட டின்பால் நிற்கிறது. வில்லியம்ஸ் 1939ல் பேசியது அதே பொருளைப் பற்றித்தான். சனிக்கிழமைக் காலை, தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளையோடு வரும் தாய் ஒருவர் அங்கே எப்படிக் கேட்பார் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

“அண்ணே, எனக்கு ஒரு டீ. சீனி வேணாம், டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்காரு. தம்பிக்கு ஒரு மைலோ ஐஸ். நல்லா பால் ஊத்திக் கொடுங்க.”